சிப்பிக் குஞ்சும் சலவைச் சோடாவும்

ஈரமான காப்பி வடிகட்டித் தாளில் பொதிந்த ஓர் உருண்டை. எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பார்த்தால் கரும்பழுப்பு நிறத்தில் பொடிமணல் போலத் தெரியும். அதற்குள் பல லட்சம் சிப்பிக் குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. குளிர்ப்பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பினால் மறுநாள் உயிரோடு போய்ச் சேரும். வாங்கிய சிப்பி வளர்ப்பாளர் அதை வெதுவெதுப்பான கடல்நீர்த் தொட்டியில் கரைத்து விடுவார். தொட்டிக்குள் பழைய சிப்பி ஓடுகள் வலைப்பைகளில் அடுக்கியிருக்கும். குஞ்சுகள் நீந்தித் திரிந்து, பிடித்த ஓட்டைத் தேடிப் பிடித்து, ஒரு துளிப் பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அவை வாழ்நாள் முழுக்க இடம் மாறுவதில்லை.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், சிப்பித் தொழில் இந்த உருண்டைகளை நம்பித்தான் நடக்கிறது. அங்கே தொழில் பேச்சில் இதற்கு விதை என்றே பெயர். விதைநெல் இல்லாவிட்டால் வயல் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

2007ஆம் ஆண்டு கோடையில் அந்த விதை சாகத் தொடங்கியது.

அந்தக் கரைக்கு விதை ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அங்கே மண்ணின் சிப்பி ஒன்று இருந்தது. ஒலிம்பியா சிப்பி என்று பெயர், சிறியது, சுவையானது. கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை நடந்த 19ஆம் நூற்றாண்டில் அதை அள்ளி அள்ளித் தின்றே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். எஞ்சியதைக் காகிதக்கூழ் ஆலைக் கழிவு கொன்றது. அதன் இடத்துக்கு ஜப்பானிலிருந்து பசிபிக் சிப்பியைக் கொண்டுவந்தார்கள். மியாகி மாகாணத்திலிருந்து மரப்பெட்டிகளில், குஞ்சுகள் ஒட்டிய ஓடுகளாகக் கப்பலில் வந்தது. போர்க் காலத்தில் அந்த வரத்து நின்றுபோனது. பசிபிக் சிப்பி இந்தக் குளிர்ந்த நீரில் நன்றாக வளரும், ஆனால் ஒழுங்காக இனம்பெருக்காது. வில்லாப்பா விரிகுடா போன்ற ஓரிரு வெதுவெதுப்பான இடங்களில் மட்டும் சில ஆண்டுகளில் குஞ்சு பிடிக்கும். மற்ற இடங்களுக்கு யாராவது குஞ்சு பொரித்துக் கொடுத்தாக வேண்டும்.

அந்த யாராவது, பெரும்பாலான சிறு வளர்ப்பாளர்களுக்கு, ஓரிகனில் நெடார்ட்ஸ் விரிகுடாவின் கரையில் இருக்கும் விஸ்கி கிரீக் என்ற பொரிப்பகம். ஒரு குடும்பம் நடத்தும் சிறிய நிறுவனம்தான். விரிகுடாவிலிருந்து குழாய் போட்டு நீரை இழுத்துச் சூடாக்கி, தொட்டிகளில் நிரப்பி, தாய்ச் சிப்பிகளை முட்டையிட வைத்து, இரண்டு மூன்று வாரம் பாசி கொடுத்து வளர்த்து, குஞ்சின் உடலில் கண்ணாகக் கரும்புள்ளி தோன்றும் பருவத்தில் உருண்டை பிடித்து அனுப்புவார்கள். ஆண்டுக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகள்.

அந்தக் கோடையில் தொட்டிகளில் குஞ்சுகள் சில நாட்கள் நீந்தின. பிறகு வளர்ச்சி நின்றது. பிறகு அடியில் படிந்தன. முதலில் எல்லோரும் சந்தேகித்தது ஒரு பாக்டீரியாவை. விப்ரியோ டுபியாஷி என்ற அந்த நுண்ணுயிர் சிப்பிக் குஞ்சுகளைக் கொல்வது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அது அந்த ஆண்டு நீரில் இருந்ததும் உண்மை. பொரிப்பக உரிமையாளர் சூ கட்டும் அங்கே பணிபுரிந்த ஆலன் பார்ட்டனும் நீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடுகளைச் செய்தார்கள். பாக்டீரியா அடங்கியது. 2008 கோடையில், பாக்டீரியா இல்லாத நீரிலேயே, குஞ்சுகள் மறுபடி செத்தன. வடக்கிலிருந்து கரையோரமாகக் காற்று வீசிய நாட்களை ஒட்டியே சாவு வந்தது. அந்த ஆண்டு விளைச்சலில் முக்கால் பங்கு அளவுக்குப் போய்விட்டது. அதே சமயம் வில்லாப்பா விரிகுடாவிலும் 2005க்குப் பிறகு இயற்கையாகக் குஞ்சு பிடிப்பது நின்றுபோயிருந்தது. தொழில் மொத்தமும் விதையில்லாமல் நின்றது.

வடக்குக் காற்றுக்கும் சாவுக்கும் என்ன உறவு? அதற்கான விடையின் ஒரு பாதி அதே கோடையில் வேறு இடத்தில் அச்சாகியிருந்தது. அமெரிக்க அரசின் கடலாய்வு நிறுவனமான நோவாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபீலி என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் 2007 மே, ஜூன் மாதங்களில் கனடாவிலிருந்து மெக்சிகோ வரை கப்பலில் போய்க் கரையோர நீரை அளந்தார்கள். சுண்ணாம்பை அரிக்கும் தன்மை கொண்ட ஆழ்நீர் கரையை ஒட்டி மேலே ஏறி வருவதைக் கண்டார்கள். இந்த நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பிறகோ வரும் என்று நினைத்திருந்தது இப்போதே கரையருகே நின்றது. 2008 ஜூனில் 'சயின்ஸ்' இதழில் வெளியான அந்தக் கட்டுரை, செத்துக்கொண்டிருந்த தொட்டிகளுக்கு அருகில் நின்ற மனிதர்களின் கையில் போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மிக முக்கியமான கணம் அதுதான். ஆய்வுக் கட்டுரைகள் பொதுவாக ஆய்வாளர்களிடமே போய்ச் சேர்ந்து அங்கேயே நின்றுவிடும்.

இப்போது நீரின் கதை. வடபசிபிக்கின் அந்தக் கரையில் கோடையில் வடக்கிலிருந்து தெற்காகக் காற்று வீசும். பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் காற்று தள்ளும் மேல்நீர் நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகும். அங்கே வலப்பக்கம் என்பது திறந்த கடல். மேல்நீர் கரையை விட்டு அகல, அந்த வெற்றிடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். நம் பக்கத்தில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இதே போன்ற எழுச்சி நடக்கிறது. மத்தி மீன் கொழிப்பதற்கு அடிப்படை அதுதான். அடியிலிருந்து வரும் நீர் உரச்சத்து நிறைந்தது. அதனால் பாசி பெருகும், மீன் பெருகும்.

ஆனால் அந்த நீர் இன்னொன்றையும் சுமந்து வருகிறது. மேலிருந்து மடிந்து விழும் பாசியும் உயிர்களின் எச்சமும் ஆழத்தில் மக்குகின்றன. மக்கும்போது ஆக்சிஜன் செலவாகிக் கரியமில வாயு சேர்கிறது. வெளிச்சம் இல்லாத ஆழத்தில் அந்த வாயுவை உண்ணப் பாசி இல்லை. எனவே ஆண்டுக்கணக்கில் அது நீரிலேயே தேங்குகிறது. இது காலங்காலமாக நடப்பது. இதன் மேல் நம் பங்கு சேர்ந்திருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. இயல்பாகவே விளிம்பில் இருந்த நீரை அந்தச் சேர்க்கை விளிம்புக்கு வெளியே தள்ளியது.

கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் ஆகும். கோலி சோடாவில் நாக்கைச் சுள்ளென்று கடிப்பது அதுதான். கடல்நீர் இதனால் உண்மையில் அமிலமாகிவிடவில்லை. அது இன்னும் காரத்தன்மை உடையதே. தொழிற்புரட்சிக்கு முன் பெருங்கடல் மேல்நீரின் சராசரி பி.எச். அளவு சுமார் 8.2, இப்போது சுமார் 8.1. எண்ணில் சிறு வித்தியாசம். அந்த அளவுகோல் மடங்குகளில் ஏறுவது என்பதால், ஹைட்ரஜன் அயனி கூடியது 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. நெடார்ட்ஸ் விரிகுடாவில் மோசமான நாட்களில் அளவு சுமார் 7.6 வரை இறங்கியது.

சிப்பிக்கு இதில் வரும் கேடு எங்கே? நம் ஊர்களில் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. கார்பனேட்தான் அளவோடு கிடைப்பது. கரியமில வாயு சேரச் சேர, பெருகும் ஹைட்ரஜன் அயனி அந்தக் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடும். ஓடு கட்ட உதவாத வடிவம் அது. கட்டுமானம் நடக்கும் தெருவில் செங்கல் வண்டியை வழியிலேயே மடக்கிக்கொள்வது போன்றது.

சிப்பிக் குஞ்சு கட்டுவது அரகோனைட் என்ற வகைச் சுண்ணாம்பு. வளர்ந்த சிப்பியின் ஓட்டைவிட இது எளிதில் கரையும். நீரில் அரகோனைட்டுக்கான தெவிட்டுநிலை எவ்வளவு என்பதை ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அது 1க்குக் கீழே போனால் வெறும் அரகோனைட் தானாகவே கரையும். 1க்கு மேலே இருந்தால் கரையாது. அப்படியென்றால் 1க்கு மேல் இருக்கும் நீரில் குஞ்சு பிழைக்க வேண்டுமே? பிழைக்கவில்லை. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வால்ட்பஸ்ஸரும் கூட்டாளிகளும் பின்னாளில் கண்டறிந்த விடை, எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி.

கருவுற்ற முட்டை முதல் ஓட்டைக் கட்டி முடிக்க ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில் குஞ்சின் உடல் எடையில் ஏறக்குறைய 90 விழுக்காடு சுண்ணாம்பாகிவிடுகிறது. அவ்வளவு வேகம். ஓடு உருவாகி நீந்தும் உறுப்பு சரியாக இயங்கும் வரை குஞ்சால் உண்ண முடியாது. அதுவரை அதற்கு இருக்கும் ஒரே கையிருப்பு, தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய கொழுப்புச் சத்து. கார்பனேட் குறைந்த நீரில் அதே ஓட்டை அதே வேகத்தில் கட்ட அதிக ஆற்றல் செலவாகும். வீட்டைக் கட்டிப் பார் என்று நம்மவர்கள் சொல்வது கட்டடம் கையிருப்பைக் கரைத்துவிடும் என்பதால்தான். குஞ்சு ஓட்டைக் கட்டி முடித்துவிடுகிறது. உண்ணத் தொடங்கும் முன் பணப்பை காலி. அதன் ஓடு கரைந்து போகவில்லை. அது சோர்ந்து சாகிறது. சில குஞ்சுகள் அந்த இரண்டு நாளைத் தாண்டியும் ஒரு வாரம், பத்து நாள் இழுத்துக்கொண்டிருந்து பிறகு சாகும். அதனால்தான் பொரிப்பகத்தில் காரணம் புரியாமல் திணறினார்கள். சாவு நிகழ்ந்த நாளின் நீரை அளந்தால் நீர் நன்றாக இருந்திருக்கும். கேடு நிகழ்ந்தது பிறந்த நாளின் நீரில்.

இது 2008இல் யாருக்கும் தெரியாது. அப்போது பொரிப்பகத்துக்குத் தெரிந்தது, சாதாரண பி.எச். மானியை வைத்து இதைப் பிடிக்க முடியாது என்பதுதான். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பர்க் ஹேல்ஸ் என்ற கடல் வேதியியலாளர், நீரில் கரைந்த கரியமில வாயுவைத் தொடர்ச்சியாகவும் மிகத் துல்லியமாகவும் அளக்கும் கருவியைத் தன் கையாலேயே உருவாக்கியிருந்தார். ஆய்வுக் கப்பல்களுக்காகச் செய்த கருவி அது. அது பொரிப்பகத்தின் குழாயோடு இணைக்கப்பட்டது. அவர் பெயரையே சற்றுத் திரித்து 'பர்க்கோலேட்டர்' என்று அதை அழைத்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

2009 கோடையில் ஒவ்வொரு தொட்டியும் எந்த நேரத்து நீரில் நிரம்பியது, அந்த நீரின் அளவுகள் என்ன, அதில் பொரித்த குஞ்சுகள் பிறகு எப்படி வளர்ந்தன என்று பதிவு செய்தார்கள். பொரிப்பகத்துக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. தொட்டிக்குத் தொட்டி எண்ணி எழுதிவைப்பது அவர்கள் பிழைப்பு. எத்தனை முட்டை, எத்தனை பிழைத்தது, எத்தனை விற்றது. அந்தக் கணக்குப் புத்தகத்தையும் வேதியியல் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது உறவு வெளிப்பட்டது. முதல் 48 மணி நேரத்தில் குஞ்சு கண்ட நீரின் அரகோனைட் தெவிட்டுநிலை எவ்வளவோ, அதற்கு ஏற்பவே பிந்தைய வளர்ச்சியும் விளைச்சலும் இருந்தன. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் இந்த அளவில் சோதனை நடத்தப் பல ஆண்டும் பெரும் பணமும் ஆகியிருக்கும். இங்கே சோதனைக்கூடமே ஒரு தொழிற்கூடம்.

பலன் உடனே கிடைத்தது, அதுவும் எளிய வடிவில். நெடார்ட்ஸ் விரிகுடாவின் அடியில் கடற்புல் படர்ந்திருக்கிறது. பகலில் புல்லும் பாசியும் ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன; மாலைக்குள் நீர் தேறிவிடும். இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சு விட, விடியற்காலையில் நீர் மிக மோசமாக இருக்கும். பொரிப்பகத்தில் அதுவரை விடியற்காலையில்தான் தொட்டி நிரப்பும் வழக்கம். அதைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். காசு செலவில்லாத மருந்து இது. காற்று வடக்கிலிருந்து பலமாக அடிக்கும் நாட்களில் அதுவும் போதாது. அப்போது நீரில் சோடியம் கார்பனேட் சேர்த்தார்கள். வீட்டில் துணி வெளுக்கும் சலவைச் சோடாவின் அதே வேதிப்பொருள். குறைந்துபோன கார்பனேட்டை அது திருப்பிக் கொடுக்கிறது. பிறகு மானி காட்டும் அளவைப் பொறுத்துச் சோடாவைத் தானே கலக்கும் ஏற்பாடு வந்தது. உற்பத்தி மெல்ல மீண்டது.

2012இல் இந்த முடிவுகள் கடல், நன்னீர் ஆய்வுகளுக்கான முன்னணி இதழ் ஒன்றில் வெளியாயின. ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் பொரிப்பகத்தில் பணிபுரிந்த ஆலன் பார்ட்டனுடையது. ஹேல்ஸ், வால்ட்பஸ்ஸர், அதே பல்கலைக்கழகத்தில் சிப்பி இனவிருத்தியில் வல்லவரான கிறிஸ் லாங்டன், நோவாவின் ஃபீலி ஆகியோர் பெயர்கள் அதற்குப் பின். கடல் அமிலமாதல் ஒரு வணிகப் பொரிப்பகத்தின் விளைச்சலையே குறைத்ததை நேரடியாகக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று அது. ஓர் ஆய்வுக் கட்டுரையில் பெயர்களின் வரிசை யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்லும் கணக்கு. தகவல் கொடுத்தவர் என்று அடியில் நன்றி கூறி முடித்துக்கொள்ளும் வழக்கம் எங்கும் உண்டு. அந்த வழக்கம் இங்கே இல்லாமல் போனதற்கு மிகப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது.

1862இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் கொடுக்கப்படும்; அதை விற்று வரும் பணத்தில் விவசாயத்தையும் தொழிற்கலைகளையும் கற்பிக்கும் கல்லூரிகள் அமைக்க வேண்டும். 1887இல் அவற்றோடு ஆய்வுப் பண்ணைகள் சேர்ந்தன. 1914இல் மூன்றாவது அங்கம் வந்தது: பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில் கிராமத்தில் வாழும் விரிவாக்க அலுவலர். வயலின் கேள்வியை ஆய்வகத்துக்கும், ஆய்வகத்தின் விடையை வயலுக்கும் கொண்டுபோவது அவர் வேலை. இந்த அமைப்பு நமக்கும் அன்னியம் இல்லை. இந்தியாவின் வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த மாதிரியை ஒட்டியே அமைந்தவை. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் வந்தது. நாட்டின் முதல் கிரிஷி விக்யான் கேந்திரா 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது.

நிலத்துக்குச் செய்ததைக் கடலுக்கும் ஏன் செய்யவில்லை என்று 1963இல் மினியாபொலிஸ் நகரில் நடந்த மீன்வள அறிவியலாளர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆதல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ். கடலிலிருந்து பல நூறு மைல் தள்ளி இருக்கும் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பப் பிரிவின் தலைவர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். கடலின் வெப்பநிலையை ஆழம் ஆழமாகப் பதிவுசெய்யும் கருவியைக் கண்டுபிடித்தவர். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேட அது உதவியது. செய்தித்தாள்களில் வாரந்தோறும் அறிவியல் படக்கதையும் எழுதியவர். அவர் கேள்வியை ரோட் தீவு மாநிலத்தின் செனட்டர் கிளைபோர்ன் பெல் கையில் எடுத்தார். அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடலியல் பள்ளித் தலைவர் ஜான் நாஸ் துணை நின்றார். 1965இல் அங்குள்ள நியூபோர்ட் நகரில் மாநாடு கூடியது. 1966 அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட, 'சீ கிராண்ட்' திட்டம் சட்டமானது. 1971இல் முதல் நான்கு சீ கிராண்ட் கல்லூரிகள் அறிவிக்கப்பட்டன: ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம், வாஷிங்டன், ரோட் தீவு, டெக்சஸ் ஏ அண்ட் எம். இன்று கடற்கரை மாநிலங்களிலும் பேரேரிகளைச் சுற்றியும் 34 திட்டங்கள் இயங்குகின்றன.

இதன் பண ஏற்பாடு கவனிக்கத்தக்கது. மத்திய அரசு 2 டாலர் கொடுத்தால் குறைந்தது 1 டாலரை மாநிலமோ பல்கலைக்கழகமோ தொழிலோ சேர்க்க வேண்டும். கைக்காசு போட்டவர் கேள்வி கேட்பார். எந்த ஆய்வு வேண்டும் என்பதில் கரையில் இருப்பவர்களுக்கும் ஒரு குரல் வந்தது. ஓரிகனில் தொடக்க காலத்திலேயே மீன்பிடித் துறைமுகங்களில் விரிவாக்க ஆட்களை அமர்த்தினார்கள். வேளாண் அலுவலருக்குத் தொடை உயர ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டது போல என்று அவர்களைப் பற்றிச் சொல்வார்கள். மீனவரோடு படகில் போவது, வலை கிழிந்தால் பார்ப்பது, படகுக்குக் காப்பீடு எப்படி என்று விசாரித்துச் சொல்வது எல்லாம் அவர்கள் வேலையில் அடங்கும். இதழ்களில் அச்சாகாத வேலை இது. ஆனால் 2008இல் தொட்டி தொட்டியாகக் குஞ்சு செத்தபோது பல்கலைக்கழகத்தைக் கூப்பிடலாம் என்று ஒரு சிறு தொழிற்கூடத்துக்குத் தோன்றியது என்றால், நாற்பது ஆண்டுப் பழக்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது.

பழக்கம் மட்டுமா, அந்தத் தொழிலின் அடிப்படையே அங்கிருந்து வந்ததுதான். சிப்பியைத் தொட்டியில் பொரிக்கும் முறைகளை 1960, 70களில் ஓரிகனின் நியூபோர்ட்டில் இருக்கும் அப்பல்கலைக்கழகக் கடல் நிலையத்தில் வில்பர் பிரீஸ் முதலியோர் வகுத்தார்கள். வடக்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1980களில் சீ கிராண்ட் ஆதரவோடு நடந்த வேலை இன்னொன்று. கோடையில் பசிபிக் சிப்பி உடல் முழுக்க முட்டையோ விந்தோ நிறைந்து கொழகொழவென்று பால்போல ஆகிவிடும்; யாரும் வாங்க மாட்டார்கள். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும்படி செய்தால் சிப்பி இனம்பெருக்கும் வேலையில் இறங்காமல் சதைப்பற்றோடு வளர்கிறது. விதையில்லாத் திராட்சை, தர்பூசணி போல. கோடையிலும் சிப்பி விற்பது அதனால் சாத்தியமானது.

இந்த அமைப்புக்கு ஆபத்து வராமல் இல்லை. 1980களில் ரேகன் ஆட்சி இதற்கு நிதியை அறவே நிறுத்தப் பரிந்துரைத்தது. 2017இல் டிரம்ப் ஆட்சியும் அதையே செய்தது. இரண்டு முறையும் நாடாளுமன்றம் காப்பாற்றியது. கரையோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஆதரித்தார்கள். தொழிலில் இருப்பவர்கள் ஆய்வைத் தங்களுடையதாகக் கருதினால் மட்டுமே இது நடக்கும். நம்மிடம் மீன்வளக் கல்லூரி தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கிறது. நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல் வந்தது. நிலத்துக்குக் கோவை செய்ததைக் கடலுக்கு இவை செய்ய வேண்டும் என்றால், கட்டடமும் கருவியும் போதாது. ஒவ்வொரு மீன்பிடி இறங்குதளத்திலும் பல்கலைக்கழகத்தின் ஆள் ஒருவர் பல ஆண்டுகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓரிகனுக்குத் திரும்புவோம். நெடார்ட்ஸில் பிறந்த அறிவு அங்கேயே நிற்கவில்லை. வாஷிங்டன் செனட்டர் மரியா கான்ட்வெல் முயற்சியில் 5 லட்சம் டாலர் கிடைத்து, கரையெங்கும் உள்ள பொரிப்பகங்களில் அளவுக் கருவிகள் வந்தன. அளவுகள் இணையத்தில் உடனுக்குடன் தெரிகின்றன. வளர்ப்பாளர் காலையில் எழுந்ததும் வானிலை பார்ப்பது போல நீரின் நிலை பார்க்கிறார். 2012இல் வாஷிங்டன் மாநிலம், அறிவியலாளர், சிப்பி வளர்ப்பாளர், பழங்குடியினர் பிரதிநிதிகள் அடங்கிய குழு அமைத்து, கடல் அமிலமாதலை எதிர்கொள்ளத் திட்டம் வகுத்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

ஆனாலும் சோடா ஒரு தொட்டிக்கு மருந்து, கடலுக்கு மருந்தாகாது. வில்லாப்பா விரிகுடாவில் சிப்பி வளர்க்கும் ஒரு குடும்பம் தனக்கான பொரிப்பகத்தை ஹவாய் தீவின் ஹிலோவில் அமைத்துக்கொண்டது. அங்கே பொரித்த குஞ்சுகள் விமானத்தில் பசிபிக்கைக் கடந்து வந்து சேற்றில் விதைக்கப்படுகின்றன. விமானம் ஏற முடியாத உயிர்களும் அங்கே இருக்கின்றன. கடல் வண்ணத்துப்பூச்சி என்று சொல்லப்படும் மிகச்சிறு நத்தை இனம் ஒன்று நீரில் சிறகடித்து மிதந்து வாழும்; இளம் சால்மன் மீன்களுக்கு அது இரை. 2011இல் அந்தக் கரையில் பிடித்து ஆராய்ந்தபோது, கரையை ஒட்டிய பகுதியில் 53 விழுக்காட்டு நத்தைகளின் ஓடு கடுமையாக அரிக்கப்பட்டிருந்தது. அவற்றின் நீரில் சோடா கலக்க யாராலும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. கரையில் ஏறி வரும் ஆழ்நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது 30 முதல் 50 ஆண்டுகளுக்கு முன்பு. 2007இல் சிப்பிக் குஞ்சுகளைக் கொன்ற நீர், 1950களின் இறுதியிலிருந்து 70கள் வரை எப்போதோ மேலே கிடந்து மூழ்கிய நீர். அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 315 முதல் 335 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தக் காற்றைத் தொட்டு இன்று மூழ்கிக்கொண்டிருக்கும் நீர், இந்த நூற்றாண்டின் நடுவிலும் அதற்குப் பிறகும் நெடார்ட்ஸ் விரிகுடாவுக்குள் நுழையும்.